ஒரே பெயர் வைத்த கட்டங்கள், காணாமல் போகும் நிலங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழி விண்ணப்பங்களில் தவறான விவரங்கள் பதிவாவதற்குக் கணினி மையங்களில் தட்டச்சு செய்பவர்களின் அவசரமே காரணம் என்று தங்கள் நாளிதழின் இந்தப் பகுதியில் அண்மையில் ஒரு வாசகர் வருத்தத்துடன் எழுதியிருந்தார். போச்சம்பள்ளியில் 14 ஆண்டுகளாகக் கணினி மையம் நடத்திவருபவன், சிறிய அமைப்புகளுக்கு இணையப் பக்கங்களும் படிவங்களும் எழுதித் தருபவன் என்ற முறையில் அதற்கு விளக்கம் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். அவசரத்தால் பிழை நேர்வதுண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓர் எழுத்தும் பிசகாமல் நிரப்பி, இரண்டு முறை வாசித்துக் காட்டி, விண்ணப்பதாரர் தலையசைத்த பிறகு அனுப்பிய படிவத்திலும் பாதி விவரம் காணாமல் போகிறது. அதற்கான காரணம் பெரும்பாலும், நிரப்புபவரின் கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்தில், படிவத்தின் நிரலை எழுதியவர் ஒவ்வொரு கட்டத்துக்கும் வைத்த பெயரில் இருக்கிறது.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். மாங்காய்ப் பருவம் தொடங்குவதற்கு முன்பு, மாங்கூழ் தயாரிக்கும் நிறுவனம் ஒன்று, தனக்குக் காய் தர விரும்பும் விவசாயிகள் தோட்ட விவரங்களை இணையத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று அறிவித்திருந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. எங்கள் பகுதிப் பெரியவர் ஒருவர் பட்டா, சிட்டா நகல்களுடன் வந்தார். அவருக்கு மூன்று இடங்களில் தோட்டம். முதலாவதில் மூன்று ஏக்கர் பெங்களூரா, இரண்டாவதில் ஒரு ஏக்கர் நீலம், மூன்றாவதில் அரை ஏக்கர் செந்தூரா. படிவத்தில் ஒரு நிலத்துக்கான வரிசை மட்டும் முதலில் தெரியும். அதன் கீழே உள்ள ‘மேலும் சேர்’ என்ற பொத்தானை அழுத்தினால் அடுத்த வரிசை வரும். இரண்டு முறை அழுத்தி, மூன்று வரிசைகளையும் நிரப்பி, அனுப்பினோம். வந்த ஒப்புகைச் சீட்டில் அரை ஏக்கர் செந்தூரா மட்டும் இருந்தது. என் கை தவறியிருக்கும் என்று எண்ணி மறுபடியும் நிரப்பினேன். மறுபடியும் செந்தூரா மட்டும். மூன்றாம் முறை வரிசைகளின் இடத்தை மாற்றி, பெங்களூராவைக் கடைசியில் வைத்தேன். அப்போது பெங்களூரா மட்டும் பதிவாகி மற்ற இரண்டும் போயின. ஆனால் ஒரு விவசாயிக்கு ஒரு பதிவுதான் என்ற விதிப்படி முதலில் சென்ற பதிவையே அவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். கூழுக்குப் பெங்களூரா வாங்க ஆட்கள் வந்தபோது பெரியவரின் பெயருக்கு நேரே அரை ஏக்கர் செந்தூரா என்றிருந்ததால் அவர் தோட்டத்துக்கு யாரும் வரவில்லை. மூன்று ஏக்கர் காயையும் அவர் மண்டியில் கிடைத்த விலைக்குப் போட்டுவிட்டு வந்தார்.

அன்றிரவு அந்தப் பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தேன். மூன்று வரிசைகளிலும் பரப்பு என்ற கட்டத்துக்கு ஒரே பெயர். சர்வே எண் என்ற கட்டத்துக்கு ஒரே பெயர். மா ரகத்துக்கும் ஒரே பெயர். பிழை முழுவதும் அதில்தான் இருந்தது.

இணையப் படிவத்தைச் சமர்ப்பிக்கும்போது, திரையில் நாம் காணும் அட்டவணையை, இணையப் பக்கங்களைத் திறந்து காட்டும் மென்பொருளான உலாவி அப்படியே அனுப்புவதில்லை. எந்த வரிசை, எந்த நெடுவரிசை, மேலே என்ன தலைப்பு அச்சாகியிருந்தது என்பவை எதுவும் போவதில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் நிரலில் வைக்கப்பட்ட பெயரும், அதில் நிரப்பப்பட்ட மதிப்பும் இணையிணையாக, பக்கத்தில் கட்டங்கள் அமைந்திருக்கும் வரிசையில், ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. பெயர் வைக்கப்படாத கட்டம் அனுப்பப்படுவதே இல்லை. 1995 நவம்பரில், இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லின் 2.0 வரையறை வெளியானது முதல் இன்றுவரை இந்த அடிப்படை மாறவில்லை. இங்கே பெயர் என்று நான் சொல்வது, நிரலில் கட்டத்தோடு சேர்த்து எழுதப்படும் நேம் என்ற குறிப்பை. ஐடி என்பது வேறு. அது பக்கத்துக்குள்ளேயே, உலாவியில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற மொழியின் நிரலும் தலைப்புகளும் கட்டத்தை அடையாளம் காணப் பயன்படுவது. ஐடியை மட்டும் கவனமாக வைத்துவிட்டு நேம் வைக்க மறந்துபோன படிவங்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவற்றில் கட்டங்கள் அழகாக வேலை செய்யும், விவரங்களைப் பெற்றுச் சேமிக்கும் கணினியான சர்வருக்கு ஒன்றும் போய்ச் சேராது.

பெரியவரின் படிவத்தில் உலாவி மூன்று பரப்புகளையும் அனுப்பியே இருந்தது. அந்தப் பக்கத்துக்குப் பின்னால் சர்வரில் இருந்த, பி.எச்.பி. என்ற மொழியில் எழுதிய நிரல், ஒரே பெயரில் மூன்று மதிப்புகள் வந்தால் முன்னதை அழித்துப் பின்னதை வைத்துக்கொள்ளும் இயல்புடையது. ஆகவே கடைசி நிலம் மட்டும் மிஞ்சியது. இதே படிவம் ஜாவா என்ற வேறொரு மொழியில் எழுதப்பட்ட சர்வருக்குச் சென்று, அங்கே கெட்பாராமீட்டர் என்ற சாதாரணக் கட்டளையால் மதிப்பைக் கேட்டிருந்தால் முதல் நிலம் மட்டும் கிடைத்திருக்கும். இரண்டிலும் எச்சரிக்கை எதுவும் திரையில் தோன்றாது. ‘வெற்றிகரமாகச் சமர்ப்பிக்கப்பட்டது’ என்ற பச்சை எழுத்துதான் வரும். அதனால்தான் விண்ணப்பதாரர் மையத்தின் மீதும், மையத்தில் இருப்பவர் தன் கையின் மீதும் சந்தேகப்படுகிறார்கள்.

இரண்டாவது, மூன்றாவது வரிசைகளுக்கு அதே பெயர் வந்தது எப்படி என்றால், ‘மேலும் சேர்’ பொத்தானுக்கான ஜாவாஸ்கிரிப்ட், முதல் வரிசையைப் படியெடுத்துக் கீழே ஒட்டுகிறது. படியெடுக்கும் கட்டளை கட்டத்தின் நேம், ஐடி அனைத்தையும் மாற்றாமல் படியெடுக்கும். படியெடுத்த பிறகு ஒவ்வொன்றுக்கும் புதுப் பெயர் வைப்பது நிரல் எழுதுபவரின் பொறுப்பு. அதை அவர் செய்யவில்லை.

நிலத்தோடு வாழும் நம் மாவட்டத்து மக்களுக்கு இதைப் புரியவைப்பது கடினமன்று. சர்வே எண் 45 என்பது எத்தனையோ கிராமங்களில் இருக்கும். பர்கூர் வட்டத்துக் கிராமம் ஒன்றின் 45-ஐயும் ஊத்தங்கரை வட்டத்துக் கிராமம் ஒன்றின் 45-ஐயும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு என்று அடுக்கடுக்காகச் சொன்னால்தான் அது ஒரு நிலத்தின் பெயராகிறது. 2004 பிப்ரவரி 9 அன்று தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோதும் மேலடுக்கின் பெயர்தான் மாறியது. கிராமத்துக்குள் இருந்த எண்கள் கலையவில்லை. படிவத்தில் புதிதாகப் பிறக்கும் கட்டத்துக்கும் இப்படித்தான் பெயர் வைக்க வேண்டும். எந்தத் தொகுதி, அதில் எத்தனையாவது வரிசை, அந்த வரிசையில் எந்த விவரம் என்ற மூன்றும் பெயருக்குள் இருக்க வேண்டும். நிலம்[0][பரப்பு], நிலம்[1][பரப்பு], நிலம்[2][பரப்பு] என்று சதுர அடைப்புக்குறிக்குள், 0-வில் தொடங்கும் வரிசை எண்ணையும் விவரத்தையும் அடுக்கிப் பெயர் வைத்தால், பி.எச்.பி. அதை வரிசை வரிசையாகப் பிரித்து ஒரு பட்டியலாகக் கையில் கொடுத்துவிடும். வாசகர்களின் வசதிக்காகப் பெயர்களைத் தமிழில் எழுதியிருக்கிறேன்; எச்.டி.எம்.எல். வரையறைப்படி தமிழிலேயே பெயர் வைக்கவும் தடையில்லை.

இதைப் படிக்கும் கணினித் துறை மாணவர்கள், இவ்வளவு எதற்கு, பரப்பு[] என்று வெற்று அடைப்புக்குறி போட்டால் போதுமே என்று கேட்கக்கூடும். வெற்று அடைப்புக்குறி இருந்தால் பி.எச்.பி. முன்னதை அழிக்காமல், வந்த வரிசையில் 0, 1, 2 என்று தானே எண்ணிட்டு அடுக்கிக்கொள்ளும் என்பது உண்மை. எழுத்து நிரப்பும் கட்டங்கள் மட்டுமே உள்ள படிவத்தில் அது ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் ஒரே ஒரு டிக் கட்டம் சேர்ந்துவிட்டால் நிலைமை, விவரம் காணாமல் போவதைவிட மோசமாகிவிடும். இதை நான் அடுத்தவர் பிழையாகச் சொல்லவில்லை; நானே செய்த பிழை இது.

ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி பயிரிடும் விவசாயிகள் குழு ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு படிவம் எழுதிக் கொடுத்தேன். நீரில் கரையும் உரத்தைக் குழுவாகச் சேர்ந்து வாங்குவதற்காக, எந்த நிலத்தில் சொட்டுநீர்க் குழாய் இருக்கிறது என்று கணக்கெடுக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வரிசையிலும் சர்வே எண், பரப்பு, அவற்றின் அருகே ‘சொட்டுநீர் உண்டு’ என்று ஒரு டிக் கட்டம். மூன்றுக்கும் வெற்று அடைப்புக்குறியுடன் பெயர் வைத்தேன். மூன்று நிலம் உள்ள ஒருவர், மூன்றாவது நிலத்தில் மட்டும் சொட்டுநீர் இருப்பதாக டிக் செய்தார். டிக் செய்யாத கட்டத்தை உலாவி அனுப்புவதே இல்லை என்பதை நான் அப்போது நினைத்துப் பார்க்கவில்லை. சர்வே எண்கள் மூன்று, பரப்புகள் மூன்று, டிக் ஒன்று என்று சர்வருக்கு வந்து சேர்ந்தது. வந்த ஒரே டிக்கிற்கு 0 என்று எண் விழுந்தது. முதல் நிலத்தில் சொட்டுநீர் உண்டு, மூன்றாவதில் இல்லை என்று பதிவாகிவிட்டது. விவரம் எதுவும் குறையவில்லை, ஆகவே யாருக்கும் ஐயம் எழவில்லை. உரம் பங்கிடும் நாளில்தான், பாதிப் பேருக்கு மேல் நிலம் மாறிப் பதிவாகியிருப்பது தெரிந்தது. குழுவினரை வீடு வீடாகச் சென்று பார்த்து நோட்டில் எழுதிவந்து திருத்தினேன். அவர்கள் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அந்த நாள்களை நான் இன்னும் மறக்கவில்லை.

வரிசை எண்ணைப் பெயருக்குள்ளேயே எழுதிவிட்டால் இந்தச் சிக்கல் எழாது. நிலம்[2][சொட்டுநீர்] என்ற பெயரில் டிக் வந்தால் அது மூன்றாவது நிலத்தின் டிக் என்பதில் குழப்பம் இல்லை. ‘இல்லை’ என்ற பதிலும் கட்டாயம் வந்துசேர வேண்டும் என்றால், டிக் கட்டத்துக்குச் சற்று முன்னால், அதே பெயரில், 0 என்ற மதிப்புடன், திரையில் தெரியாத ஒரு மறைகட்டம் வைப்பது பலகாலமாகப் பழக்கத்தில் உள்ள வழி. டிக் இல்லாவிட்டால் 0 மட்டும் போகும். டிக் இருந்தால் 0-வும் 1-ம் போய், பி.எச்.பி.யில் பின்னது நிலைக்கும். வெற்று அடைப்புக்குறியுடன் இந்த வழியைக் கையாண்டால் இரண்டு மதிப்புகளும் பட்டியலில் ஏறி, கணக்கு இன்னும் கலைந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கும் ரேடியோ பொத்தான்களில் பிழை நிரப்பும்போதே கண்ணுக்குத் தெரியும். கிணறு, ஆழ்துளைக் கிணறு, மானாவாரி என்ற மூன்றில் ஒன்றைக் குறிக்கச் சொல்லும் வரிசையை எடுத்துக்கொள்வோம். ஒரே படிவத்துக்குள் ஒரே பெயருள்ள ரேடியோ பொத்தான்கள் அனைத்தும் ஒரே குழுவாகும். ஒரு குழுவில் ஒன்றுதான் தேர்வாகியிருக்க முடியும். எனவே ஒரே வரிசைக்குள் இருக்கும் மூன்று பொத்தான்களுக்கும் பெயர் ஒன்றாகவும், வரிசைக்கு வரிசை பெயர் வேறாகவும் இருக்க வேண்டும். படியெடுத்த வரிசையில் பழைய பெயரே இருந்தால், இரண்டாவது நிலத்துக்கு மானாவாரி என்று குறித்ததும் முதல் நிலத்துக்குக் குறித்த கிணறு அழிந்துவிடும். இப்படிப்பட்ட படிவம் ஒன்றை அரூரில் உள்ள உறவினர் ஒருவர் தன் கைப்பேசியில் நிரப்ப முயன்று, தொடுதிரை பழுதாகிவிட்டது என்று எண்ணிக் கடைக்குக் கொண்டுபோனார்.

கைப்பேசி என்றதும் ஐடியைப் பற்றியும் சில வரிகள். தலைப்பு எழுத்தைத் தொட்டாலே அதற்குரிய கட்டம் தேர்வாகும்படி, தலைப்புக்கு நிரலில் உள்ள லேபிள் என்ற குறியில் அந்தக் கட்டத்தின் ஐடியை எழுதி இணைப்பது நல்ல பழக்கம். ஐடி ஒரு பக்கத்தில் ஒரு முறைதான் வரலாம். படியெடுத்த வரிசைகளில் அதே ஐடி திரும்பத் திரும்ப வந்தால், மூன்றாவது வரிசையில் ‘சொட்டுநீர் உண்டு’ என்ற எழுத்தைத் தொடும்போது முதல் வரிசையின் கட்டத்தில் டிக் விழும். சிறிய திரையில் முதல் வரிசை மேலே மறைந்திருப்பதால் அது விழுந்ததே தெரியாது. பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் திரைவாசிப்பான் மென்பொருளும், எந்தக் கட்டத்துக்கு எந்தத் தலைப்பு என்பதை இந்த இணைப்பைக் கொண்டே சொல்கிறது. நேம் மாற்றும்போது ஐடியையும், லேபிளில் உள்ள குறிப்பையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

சேர்ப்பதில் உள்ள பிழையைக் கவனித்தவர்கள்கூட, நீக்குவதில் தவறிவிடுகிறார்கள். மூன்று வரிசைகள் 0, 1, 2 என்று இருக்கின்றன. நடுவில் உள்ளதை விண்ணப்பதாரர் நீக்குகிறார். பிறகு ‘மேலும் சேர்’ என்பதை அழுத்துகிறார். திரையில் இப்போது எத்தனை வரிசைகள் இருக்கின்றன என்று எண்ணி, அந்த எண்ணிக்கையையே புது வரிசைக்குப் பெயராக வைக்கும் நிரல், இரண்டு இருக்கிறது என்று கண்டு 2 என்று வைக்கும். ஆனால் 2 ஏற்கெனவே அங்கே இருக்கிறது. மறுபடியும் ஒரே பெயரில் இரண்டு நிலம், மறுபடியும் ஒன்று காணாமல் போகும். நிலத்தில் 45/2 பிரிந்தால் 45/2ஏ, 45/2பி என்று புதுப் பெயர்கள் வருமே ஒழிய, 45/2 என்ற பெயரைப் பக்கத்து வயலுக்குத் தூக்கிக் கொடுப்பதில்லை. படிவத்திலும் ஒரு முறை பயன்படுத்திய எண்ணை, அந்த வரிசை நீக்கப்பட்ட பிறகும், வேறு வரிசைக்குத் தரக் கூடாது. ஏறிக்கொண்டே போகும் கவுண்டர் ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டால் போதும். அது இரண்டே வரி நிரல்.

ஆனால் இந்த அறிவுரையையும் கண்ணை மூடிக்கொண்டு எங்கும் கையாள முடியாது. பி.எச்.பி.யில் 0, 2, 3 என்று இடையில் எண் விடுபட்டிருந்தாலும் கவலையில்லை. ஏ.எஸ்.பி. டாட் நெட் எம்.வி.சி. என்ற மென்பொருள் சட்டகத்தில் எழுதப்பட்ட சர்வர், பட்டியலை 0-வில் தொடங்கி வாசித்துக்கொண்டு வந்து, முதல் இடைவெளியிலேயே நின்றுவிடும். 1 இல்லை என்றதும் 2-ம் 3-ம் வாசிக்கப்படாமல் போகும். அங்கே ஒவ்வொரு வரிசைக்கும் இன்டெக்ஸ் என்ற மறைகட்டம் ஒன்றைச் சேர்க்க வேண்டும், அல்லது அனுப்புவதற்கு முன் எண்களை இடைவெளியில்லாமல் மறுபடி அடுக்க வேண்டும். பைத்தான் மொழிக்கான ஜாங்கோ என்ற சட்டகத்தில் வரிசைகளின் மொத்த எண்ணிக்கையைச் சொல்லும் மறைகட்டம் தனியே உண்டு. ஜாவாஸ்கிரிப்ட்டில் வரிசையைச் சேர்த்துவிட்டு அந்த எண்ணிக்கையைத் திருத்தாமல் விட்டால், புது வரிசைகளை ஜாங்கோ திரும்பியும் பார்க்காது. பக்கத்தை எழுதுபவர் ஒருவராகவும் சர்வர் நிரலை எழுதுபவர் வேறொருவராகவும் இருக்கும் இடங்களில், கட்டங்களுக்கு என்ன பெயர் என்பதை இருவரும் முதலிலேயே உட்கார்ந்து பேசி எழுதிவைத்துக்கொள்ளாததால்தான் பெரும்பாலான இழப்பு நேர்கிறது என்பது என் அனுபவம்.

பெயர் அனைத்தும் சரியாக இருந்தும் விவரம் அறுந்துபோன நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. பால் உற்பத்தியாளர் சங்கம் ஒன்றின் செயலாளர் தன் உறுப்பினர் 90 பேரின் விவரத்தையும் ஒரே படிவத்தில் ஏற்ற வந்தார். ஓர் உறுப்பினருக்கு 12 கட்டங்கள், மொத்தம் 1,080. பதிவானவர்கள் 83 பேர். 84-ஆவது உறுப்பினருக்கு நான்கு கட்டங்கள் மட்டும் பதிவாகி மீதி வெறுமையாக இருந்தது. 83 பேருக்கு 996 கட்டங்கள், அதன் மேல் நான்கு, ஆக 1,000 என்று கணக்குப் போட்டுப் பார்த்ததும் காரணம் விளங்கியது. ஒரு படிவத்தில் எத்தனை கட்டங்களை ஏற்றுக்கொள்ளலாம் என்பதற்குப் பி.எச்.பி.யில் மேக்ஸ் இன்புட் வார்ஸ் என்ற வரம்பு இருக்கிறது. 2012 ஜனவரியில் வெளிவந்த 5.3.9 பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. எண்ணற்ற பெயர்களை வேண்டுமென்றே அனுப்பி சர்வரைத் திணறடிக்கும் தாக்குதலைத் தடுப்பதற்காக வந்த பாதுகாப்பு அது, தேவையானதும்கூட. மாற்றாமல் விட்டால் அதன் அளவு 1,000. அதைத் தாண்டியவற்றை வெட்டிவிட்டு, சர்வரின் குறிப்பேட்டில் ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு, பி.எச்.பி. வேலையைத் தொடரும். நிரப்புபவருக்கு ஒன்றும் தெரியாது. வரிசைகளைக் கட்டுப்பாடில்லாமல் சேர்க்க இடம் தரும் படிவத்தை எழுதுபவர், இந்த வரம்பை உயர்த்தவோ, இத்தனை வரிசைக்கு மேல் சேர்க்க முடியாது என்று பொத்தானை நிறுத்தவோ, எல்லா வரிசைகளையும் ஜேசான் என்ற எழுத்து வடிவில் ஒரே மதிப்பாகக் கட்டி அனுப்பவோ ஏற்பாடு செய்ய வேண்டும்.

தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் தேன்கனிக்கோட்டை, தளி பகுதிகளுக்காக மொழி மாற்றும் வசதியுடன் படிவம் எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். திரையில் தெரியும் தலைப்பையே எடுத்துக் கட்டத்தின் பெயராக்கும் நிரலை எழுதாதீர்கள். மொழியை மாற்றியதும் தலைப்பு மாறும், தலைப்போடு பெயரும் மாறும், சர்வர் தேடும் பெயர் வந்திருக்காது. மேலும் பெயரில் உள்ள புள்ளியையும் இடைவெளியையும் பி.எச்.பி. அடிக்கோடாக மாற்றிவிடும், ‘ச. எண்’ என்று வைத்த பெயர் ‘ச__எண்’ என்றுதான் வந்துசேரும். தலைப்பு படிப்பவருக்காக மாறலாம். பெயர் எந்த மொழியிலும் ஒன்றாகவே நிற்க வேண்டும். கட்டத்துக்கோ பொத்தானுக்கோ சப்மிட் என்று பெயர் வைப்பதையும் தவிர்க்க வேண்டும். படிவத்தை அனுப்பும் கட்டளையின் பெயரும் அதுவே என்பதால், ஜாவாஸ்கிரிப்ட் அந்தக் கட்டளையைத் தேடும்போது கட்டம் குறுக்கே வந்து நிற்கும். படிவம் அனுப்பப்படாமல் நின்றுவிடும்.

நான் இந்த வேலையைக் கற்ற காலத்தில் அலுவலகக் கணினிகளில் எங்கும் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் என்ற உலாவியின் 6, 7 பதிப்புகளே இருந்தன. ஜாவாஸ்கிரிப்ட்டால் புதிதாக உருவாக்கிய கட்டத்துக்கு நேம் வைத்தால் அவை அதை ஒழுங்காக ஏற்காது; கட்டத்தை உருவாக்கும் கட்டளைக்குள்ளேயே பெயரோடு கூடிய முழு நிரலையும் எழுத வேண்டியிருந்தது. 2009-இல் வந்த 8-ஆம் பதிப்பில் அது சரிசெய்யப்பட்டது. 2022 ஜூனில் 11-ஆம் பதிப்புக்கான ஆதரவையும் மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. அந்தப் பழைய உத்தியை இன்றைய உலாவிகளில் எழுதினால் பிழை என்று நின்றுவிடும். ஆனாலும் பயிற்சிக்காக என் மையத்துக்கு வரும் மாணவர்களின் குறிப்பேடுகளில் அது இன்னும் இருக்கக் காண்கிறேன். அன்றைக்கு உலாவி தடையாக இருந்தது. இன்றைக்கு எல்லா உலாவிகளிலும் ஒரே வரியில் பெயர் வைக்க முடிகிறது. ஆகவே பெயர் வைக்காமல் விடுவதற்கு இப்போது காரணம் ஏதும் இல்லை.

கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களிலிருந்து ஆண்டுதோறும் எத்தனையோ இளைஞர்கள் படித்து முடித்து, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு மென்பொருள் வேலைக்குப் போகிறார்கள். நம் ஊர் மக்கள் நிரப்பும் படிவங்களில் சிலவற்றை அவர்களே எழுதியிருக்கக்கூடும். அவர்களையும், கல்லூரிகளில் செயல்திட்டமாகப் படிவம் எழுதும் மாணவர்களையும், படிவங்களை எழுதி வாங்கும் நிறுவனங்களையும் கேட்டுக்கொள்வது இதுதான். ‘மேலும் சேர்’ பொத்தான் உள்ள எந்தப் படிவத்தையும் ஒரே ஒரு வரிசை நிரப்பிப் பார்த்துவிட்டு வெளியிடாதீர்கள். மூன்று வரிசைகளை மூன்று வேறு விவரங்களோடு நிரப்புங்கள், டிக்கைக் கடைசி வரிசையில் மட்டும் போடுங்கள், நடுவரிசையை நீக்கிவிட்டுப் புதிதாக ஒன்றைச் சேருங்கள், அனுப்புங்கள். திரையில் வரும் பச்சை எழுத்தை நம்பாமல், சேமிப்பில் என்ன விழுந்திருக்கிறது என்று பாருங்கள். இதற்குக் கால் மணி நேரம் போதும். கூடவே, அனுப்பிய பிறகு வரும் ஒப்புகைச் சீட்டில் வெறும் விண்ணப்ப எண்ணை மட்டும் அச்சிடாமல், சர்வரில் பதிவான எல்லா வரிசைகளையும் அச்சிட்டுக் கொடுங்கள். அப்படிக் கொடுத்ததால்தான் பெரியவரின் இழப்பை எங்களால் கண்டறியவாவது முடிந்தது.

கணினி மையங்களுக்கு வரும் பொதுமக்களும் அந்தச் சீட்டைக் கையில் வாங்கி, எத்தனை நிலம், எத்தனை உறுப்பினர், எத்தனை பிள்ளைகள் என்று தாங்கள் சொன்ன எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே எழுந்து செல்ல வேண்டும். குறைந்திருந்தால், கடைசி வரிசை மட்டும் மிஞ்சியிருக்கிறதா, முதல் வரிசை மட்டும் மிஞ்சியிருக்கிறதா, பாதியில் அறுந்திருக்கிறதா என்று குறித்துவைத்து, அந்தப் படிவத்தை வெளியிட்டவர்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பிழை எங்கே என்று தேட அவர்களுக்கு அந்த ஒரு குறிப்பே பெரிதும் உதவும்.

மாங்கூழ் நிறுவனத்துக்கு இரண்டு முறை கடிதம் எழுதினேன், பதில் இல்லை. அடுத்த பருவத்துக்கும் அதே படிவம்தான் இணையத்தில் இருக்கிறது. சென்ற வாரம் திறந்து பார்த்தேன், பெயர்கள் மாறவில்லை. பெரியவரின் ஒப்புதலோடு, அவருடைய பெயரையும் சர்வே எண்களையும் மறைத்து, அந்த மூன்று ஒப்புகைச் சீட்டுகளின் நகலை இக்கடிதத்துடன் இணைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
போச்சம்பள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம்.